மீன்பெட்டியைக் கொத்தித் தின்னும் கோழிகளுக்கு முட்டைப்பெட்டி செய்வது எப்படி?

ஒலுமடு மருமகள் எழுதியது:

எல்லோருக்கும் வணக்கம். இங்கே மாடும் உழுந்தும் பயறும்தான் அதிகம் கதைக்கிறீர்கள். நான் கோழி பற்றிக் கேட்க வந்திருக்கிறேன், யாரும் சிரிக்கக் கூடாது.

எங்கள் வளவில் 11 பேடும் 2 சேவலும் நிற்கின்றன. எல்லாம் ஊர்க்கோழி. 2010 இல் மீளக் குடியேறி வந்தபோது மாமிக்குச் சொந்தக்காரர் ஒருவர் கொண்டுவந்து கொடுத்த இரண்டு பேட்டின் வழியில் வந்தவை. தறப்பாள் கொட்டிலுக்குள் எங்களோடு சேர்ந்து படுத்த கோழிகள் என்று மாமி இப்போதும் சொல்லுவா. அதனாலோ என்னவோ அவற்றுக்கு வீடு, வளவு, கூடு எல்லாம் ஒன்றுதான்.

சாம்பலி விறகு அடுக்குக்குப் பின்னால் இடும். புள்ளி நெல்மூட்டைக்கு மேல் ஏறி இடும். புதிதாக இடத் தொடங்கிய இரண்டு எங்கே இடுகின்றன என்று இன்றுவரை தெரியாது. கேரும் சத்தம் ஒரு பக்கம் கேட்கும், ஓடிப் போனால் கோழி மற்றப் பக்கத்தால் வரும். கறுப்பி இவருடைய ஹெல்மெற்றுக்குள்தான் இடும். போன மாதம் இவர் அவசரத்தில் அதை எடுத்துத் தலையில் போட்டார். மிச்சத்தை நான் எழுதவில்லை.

சிரிப்பு ஒரு பக்கம். விறகுக்குப் பின்னால் 13 முட்டை சேர்ந்திருந்ததை எங்களுக்கு முன்னம் உடும்பு கண்டுவிட்டது. நான் போகும்போது கோதும், வேலிக்குள் நுழைகிற வாலும்தான் மிச்சம்.

மாமிக்கு ஒரு முறை இருக்கிறது. விடிய ஒவ்வொரு கோழியாகப் பிடித்து, முட்டை இருக்கிறதா என்று விரலால் பார்த்து, இருப்பதைக் கரப்பால் மூடிவிடுவா. இட்ட பிறகுதான் திறப்பு. பிழை சொல்ல முடியாத முறை. ஆனால் மாமிக்கு இப்போது முழங்கால் நோ, எனக்கு அந்தக் கைப்பழக்கம் இல்லை.

அதனால் வளவில் கிடந்த பழைய சாமானை வைத்து மூன்று பெட்டி செய்தேன். மூன்றும் தோல்வி.

முதலாவது, மீன்காரர் விட்டுப்போன றெஜிபோம் (வெள்ளை நுரைப்பிளாஸ்ரிக்) பெட்டி. ஒரு பக்கத்தை வெட்டி, வைக்கல் போட்டு, முற்றத்துச் சுவரோடு வைத்தேன். ஒரு கோழியும் உள்ளே போகவில்லை. எல்லாம் சுற்றி நின்று பெட்டியையே கொத்தித் தின்றன. முற்றம் முழுக்க வெள்ளை மணி. எவ்வளவு கழுவினாலும் மீன் வெடில் போகவில்லை, எறும்பு வேறு.

இரண்டாவது, பெயின்ற் வாளி. படுக்கப் போட்டு இரண்டு பக்கமும் செங்கல் வைத்தேன். புள்ளி உள்ளே கால் வைத்தது, வாளி உருண்டது, அதன்பிறகு அந்தத் திசைக்கே அது போவதில்லை.

மூன்றாவது, தேசிமரத்துக்குக் கீழே பழைய ரயர். நடுவில் வைக்கல். ஒரு மழை பெய்தது. இப்போது அதில் நாய் படுக்கிறது.

காசு கொடுத்துப் பலகை வாங்கிச் செய்ய மனமில்லை. நீங்கள் எதில் செய்தீர்கள், எங்கே வைத்தீர்கள், உள்ளே என்ன போட்டீர்கள்? தெரிந்தவர்கள் சொல்லுங்கோ.


மூன்றுமுறிப்புக் கிழவன் எழுதியது:

பிள்ளை, உம்முடைய மூன்று பெட்டியிலும் எனக்குத் தெரிகிற குறை ஒன்றுதான். கோழியிடம் கேட்காமல் செய்திருக்கிறீர்.

சாம்பலி ஏன் விறகுக்குப் பின்னால் போகிறது? அங்கே இருட்டு. ஆள் நடமாட்டம் இல்லை. முதுகுக்குப் பின்னால் சுவர், முன்னுக்கு ஒரு சின்ன வழி, வருகிறது யார் என்று பார்க்கலாம். உம்முடைய மீன்பெட்டி வெள்ளை வெளேர் என்று நடு முற்றத்தில் இருக்கிறது. வெயிலில் அதற்குள் வெளிச்சம் இன்னும் கூடும். கல்யாண வீட்டுப் பந்தலில் போய்ப் பிள்ளை பெறு என்றால் யார் பெறுவார்?

நான் இன்றைக்கும் பழைய கடகத்தில்தான் வைக்கிறேன். விளிம்பு பிய்ந்து நெல்லுக்கு உதவாமல் போன கடகம் எந்த வீட்டிலும் ஒன்றாவது இருக்கும். அடியில் உரப்பைத் துண்டை விரித்து, இரண்டு விரற்கடை உயரத்துக்குக் குருமணல் போடும். மணலுக்கு மேல் வைக்கல். கையால் கசக்கி மெதுவாக்கிய வைக்கல், நீட்டு நீட்டாக அல்ல. பிறகு உள்ளங்கையால் நடுவை அழுத்திப் பள்ளம் ஆக்கும். மணல் இருந்தால் பள்ளம் குலையாது, முட்டை நடுவுக்கே உருண்டு வரும். வெறும் வைக்கலைப் போட்டால் கோழி இரண்டு தரம் கிளறியதும் முட்டை பலகையிலோ தகரத்திலோ பட்டு வெடிக்கும். வெடித்ததை ஒருக்கால் ருசி பார்த்த கோழி பிறகு தன் முட்டையைத் தானே கொத்தத் தொடங்கிவிடும். அந்தப் பழக்கத்தை மறக்கச் செய்வது கஷ்டம்.

கடகத்தை எங்கே வைப்பது என்று கேட்கிறீர். அதே விறகு அடுக்கில் வையும். அடுக்கின் நடுவில் நாலு கட்டையை உருவினால் ஒரு பொந்து வரும், கடகம் அதற்குள் இருக்கட்டும். சாம்பலி இரண்டு நாள் முறைத்துப் பார்க்கும், மூன்றாம் நாள் ஏறும்.

அடை வைப்பதென்றால் ஒற்றைப்பட வையும், 11 அல்லது 13. சின்னக் கோழிக்கு 9 போதும், நெஞ்சுக்குள் அடங்காத முட்டை குளிர்ந்து கூழாகிவிடும். 21 நாள். முட்டையோடு ஒரு இரும்புத் துண்டும், கரியும், செத்தல் மிளகாயும் வைப்பது எங்கள் வழக்கம். ஐப்பசி இடிக்கு முட்டை பழுதாகக் கூடாது என்று என் அம்மா வைத்தா, நானும் வைக்கிறேன். கரி ஈரத்தை இழுக்கும் என்று பேரன் விளக்கம் சொல்கிறான். எனக்கு விளக்கம் தேவைப்படவில்லை, இருந்தாலும் அவன் சொன்னது நல்லாய்த்தான் இருக்கிறது.


தட்டுமுட்டு (புதுக்குடியிருப்பு) எழுதியது:

ஐயா சொன்ன கடகத்துக்கு நான் எதிரி இல்லை. ஆனால் கறையான் எதிரி. எங்கள் பக்க மண்ணில் ஒரு மாரி முடிவதற்குள் கடகத்தின் அடி போய்விடும். அதனால் நான் பிளாஸ்ரிக் பக்கம்.

அக்கா, உங்கள் பெயின்ற் வாளி யோசனை பிழையில்லை, உருண்டதுதான் பிழை. வட்டமான வாளியை விட்டுவிடுங்கள். சாப்பாட்டுக் கடைகளில் எண்ணெய் வந்து முடிந்த 20 லீற்றர் சதுரக் கான் இருக்கும், கேட்டால் சும்மா தருவார்கள், இல்லாவிட்டால் சின்னக் காசு. சவர்க்காரமும் சுடுதண்ணீரும் விட்டு இரண்டு தரம் குலுக்கி ஊற்றுங்கள். படுக்கப் போட்டு, மூடிப் பக்கத்தை வாளால் அரியுங்கள். முழுவதையும் அரிந்து எடுத்துவிடாதீர்கள், அடியில் நாலு அங்குலம் தடுப்பாக நிற்க வேண்டும். அந்தத் தடுப்பு இல்லாவிட்டால் வைக்கலும் முட்டையும் ஒன்றாக வெளியே வரும். வெட்டின விளிம்பு கத்தி மாதிரி இருக்கும், கோழியின் நெஞ்சைக் கீறும். பழைய சைக்கிள் ரியூப்பை நீளத்துக்குப் பிளந்து விளிம்பில் மாட்டிக் கம்பியால் தையுங்கள். அடியில் ஆணியைச் சுடவைத்து ஏழெட்டு ஓட்டை, பின்பக்கம் மேலே நாலு ஓட்டை. கீழ் ஓட்டை ஈரத்துக்கு, மேல் ஓட்டை வெக்கைக்கு.

பிறகு இரண்டு பனஞ்சிலாகையைச் சுவரில் அடித்து, கானை அதன் மேல் வைத்து, முன்னுக்கும் பின்னுக்கும் கட்டுக்கம்பி. பின்பக்கம் ஒரு விரல் பதிய இருக்கட்டும், முட்டை உள்ளுக்குத்தான் உருள வேண்டும். கட்டின பிறகு உங்கள் கையை உள்ளே வைத்து நல்லாய் அழுத்திப் பாருங்கள். கோழி ஒரு தரம் ஆடினால் போதும், அந்தப் பெட்டியை மறந்துவிடும். புள்ளியிடம் நீங்களே பார்த்துவிட்டீர்கள்.

வாய்க்கு ஒரு மறைப்பு. உரப்பையை நாடா நாடாகக் கிழித்து மேல்பாதிக்குத் தொங்கவிட்டால் உள்ளே இருட்டாகிவிடும். நீளமான நைலோன் நூல் ஒன்றும் தொங்கக் கூடாது, குஞ்சின் காலில் சுற்றினால் கால் போய்விடும். நுனியை நெருப்பில் ஒருக்கால் காட்டுங்கள், நூல் பிரியாது.

எந்தக் கானும் ஆகுமா என்று கேட்பீர்கள். ஆகாது. கிருமிநாசினி, களைநாசினி வந்த கானை எத்தனை தரம் கழுவினாலும் கோழிக்கு வேண்டாம். மூன்று தரம் கழுவிய பிறகு ஓட்டை போட்டுவிடச் சொல்வது, யாரும் அதைத் திருப்பிப் பாவிக்கக் கூடாது என்பதற்காகத்தான். அதேபோல மண்ணுக்குள்ளிருந்து வந்த இரும்புப் பெட்டி எதுவும் வேண்டாம். காடு துப்புரவாக்கும்போது நல்ல பெட்டி ஒன்று தெரிகிறதே என்று இழுக்கப் போக வேண்டாம். போரில் மிஞ்சிய வெடிபொருளாக இருக்கலாம், எங்கள் ஊரில் இதற்கு மேல் விளக்கத் தேவையில்லை.

ரயரை எறியாதீர்கள், ஆனால் வெளியில் போடாதீர்கள். மழைத்தண்ணீர் உள்வளையத்தில் நின்றால் நுளம்பு. டெங்கு பார்க்க வருகிறவர்கள் முதலில் குனிந்து பார்ப்பது ரயரைத்தான். உள்வளையம் முழுக்க மண்ணை இறுக்கி அடைத்து, தாவாரத்துக்குக் கீழே வைத்தால் அடைக்கோழிக்கு அருமையான இடம். தகரப் பெட்டி மட்டும் கோடையில் கூடாது. மத்தியானம் உள்ளங்கையைத் தகரத்தில் வைத்துப் பாருங்கள், விளங்கும்.

என்னுடையதில் கோழிகளுக்கு மிகவும் பிடித்தது எது தெரியுமா? பழைய 21 அங்குல ரீவியின் கூடு. திருத்துகிற கடையில் படக்குழாய் கழற்றிய வெறுங்கூடாக எடுத்தேன். குழாயோடு இருப்பதை நீங்களாகக் கழற்ற வேண்டாம், அந்தக் கண்ணாடியில் ஈயம் இருக்கிறது, உடைந்தால் வெடித்துச் சிதறும். கூடு மட்டும் என்றால் பின்பக்கம் குறுகி இருட்டாக இருக்கும், காற்று போக ஓட்டை கம்பனியே போட்டு வைத்திருக்கிறது. முன்பக்கத்தில் கீழ்ப்பாதியைப் பலகைத் துண்டால் அடைத்தேன். சிவப்புப் பேடு ஒன்று காலையில் அதற்குள் இருந்து வெளியே பார்க்கும். செய்தி வாசிக்கப் போகிறது மாதிரி இருக்கும்.


வவுனிக்குளத்தான் எழுதியது:

அக்கா, பெட்டி செய்து முடிக்கும்வரை அண்ணையை ஹெல்மெற்றைக் கவிழ்த்து வைக்கச் சொல்லுங்கோ.


ஒலுமடு மருமகள் எழுதியது:

வவுனிக்குளத்தான் தம்பி, கவிழ்த்து வைத்தோம். கறுப்பி அதன் மேல் ஏறி இருந்து எச்சம் போட்டுவிட்டுப் போகிறது.

ஐயாவுக்கும் தட்டுமுட்டு அண்ணாவுக்கும் பெரிய நன்றி. றெஜிபோமை இன்றைக்கே அப்புறப்படுத்திவிட்டேன். ஆனால் இன்னும் மூன்று கேள்வி இருக்கிறது, கோபிக்காதீர்கள்.

11 கோழிக்கு எத்தனை பெட்டி வேண்டும்? ஆளுக்கு ஒன்று என்றால் நான் எண்ணெய்க் கடைதான் திறக்க வேண்டும்.

இருட்டான பெட்டிக்குள் கை விடப் பயமாக இருக்கிறது. வளவுக்குப் பின்னால் பற்றைக்காடு, போன வருடம் மூட்டைக்குள் நாகம் கிடந்தது. கோழிக்குப் பிடித்த இருட்டு பாம்புக்கும் பிடிக்கும்தானே?

மூன்றாவது, மஞ்சள்கால் பேடு ஒன்று முட்டையே இல்லாத இடத்தில் பத்து நாளாக அடை கிடக்கிறது. கிட்டப் போனால் இறகைச் சிலிர்த்துக்கொண்டு சீறுகிறது. மூக்கில் இறகைக் குத்திவிட்டால் அடை தெளியும் என்று மாமி சொல்லுறா. எனக்கு மனம் வரவில்லை.


கனகராயன்குளம் கோழிக்காரி எழுதியது:

தங்கச்சி, மூக்கில் இறகு குத்த வேண்டாம். மாமியிடம் நான் சொன்னதாகச் சொல்லுங்கள், எனக்கும் அந்தக் காலத்தில் என் மாமி சொன்னதுதான். நானும் செய்திருக்கிறேன், இப்போது நினைத்தால் வெட்கமாக இருக்கிறது. அடைக்கோழியின் நெஞ்சும் வயிறும் சூடேறி இருக்கும். அந்தச் சூடு இறங்கினால் அடை தெளியும். கம்பிவலை அடி போட்ட ஒரு கூட்டை நாலு கல்லுக்கு மேல் தூக்கி வையுங்கள், கீழால் காற்றுப் போக வேண்டும். வைக்கல் ஒன்றும் போடாமல், சாப்பாடும் தண்ணீரும் மட்டும் கொடுத்து மூன்று நாலு நாள் விட்டால் எழும்பிவிடும். பழைய மேசை விசிறியின் முன்வலை இரண்டைச் சேர்த்துக் கட்டி நான் அப்படி ஒன்று செய்து வைத்திருக்கிறேன். ஆனால் ஏன் தெளிய வைக்க வேண்டும்? அடைக்கு நிற்கிற கோழி கையில் இருக்கும்போது நல்ல முட்டை 11 எடுத்து வையுங்களேன். இட்டு ஒரு கிழமைக்குள் உள்ள முட்டையாக இருக்கட்டும். கழுவ வேண்டாம், குளிர்ப்பெட்டியிலும் வைக்க வேண்டாம், நிழலில் இருந்தால் போதும்.

பெட்டிக் கணக்கு: நாலைந்து கோழிக்கு ஒன்று. உங்களுக்கு மூன்று காணும். ஆனால் ஒன்றை முன்கூட்டியே சொல்லி வைக்கிறேன். மூன்று பெட்டி வைத்தாலும் எல்லாக் கோழிக்கும் ஒரே பெட்டிதான் பிடிக்கும். ஒன்று இருக்கும்போதே இன்னொன்று மேலே ஏறும், மூன்றாவது வாசலில் நின்று கத்தும். பார்க்கச் சகிக்காது. விட்டுவிடுங்கள், அது அவர்களுடைய வழக்கு.

ஒவ்வொன்றும் ஒரு அடி நீளம், ஒரு அடி அகலம், ஒரு அடிக்குக் கொஞ்சம் கூடின உயரம். இதைவிடப் பெரிதாக வைத்தால் இரண்டு கோழி சேர்ந்து ஏறி முட்டையை மிதிக்கும். நிலத்திலிருந்து முழங்கால் உயரம். இரவில் கோழி ஏறிப் படுக்கிற கம்பு பெட்டியைவிட உயரத்தில் இருக்க வேண்டும், இதில் மட்டும் பிழை விடாதீர்கள். கோழி எப்போதும் உயர்ந்த இடத்தைத் தேடித்தான் படுக்கும். பெட்டி உயரத்தில் இருந்தால் அதற்குள்ளேயே படுத்து எச்சம் போட்டு முட்டையை நாறடிக்கும். பெட்டிக்கு மேலேயும் ஏறி இருக்காமல் ஒரு தகரத்தைச் சரிவாக அடித்துவிடுங்கள். வாசலை வாடைக்காற்றுப் பக்கம் வைக்காதீர்கள், மாரியில் சாரல் நேரே உள்ளே போகும்.

பழக்குவதற்கு இரண்டு வழி. நான் இரண்டையும் சேர்த்துச் செய்வேன். ஒன்று, முட்டையை எல்லாம் எடுத்தாலும் ஒன்றை விட்டுவைப்பது, கரியால் குறி போட்டு. நல்ல முட்டையை வீணாக்க மனமில்லாவிட்டால், வெறும் முட்டைக்கோதில் சின்ன ஓட்டை போட்டு, சீமெந்தைத் தண்ணீராகக் கரைத்து ஊற்றி, இரண்டு நாள் காயவிட்டுக் கோதை உரியுங்கள். கோழிக்கு வித்தியாசம் தெரியாது, கொத்திப் பார்த்தாலும் சொண்டுதான் நோகும். முட்டை கொத்துகிற பழக்கத்துக்கும் இதுவே மருந்து. மற்றது, ஒரு கிழமைக்குக் காலை பத்து மணி வரை கூட்டைத் திறக்காமல் பெட்டியோடு அடைத்து வைப்பது. பெரும்பாலும் காலையில்தான் இடும். உங்கள் கோழி மரத்தில் படுப்பவை என்றால் இரவில் பிடித்து அடைக்க வேண்டியிருக்கும், முதல் இரண்டு நாள் சண்டைதான்.

உள்ளே போடுவதற்கு நான் கச்சான் கோது பாவிக்கிறேன். எங்கள் பக்கம் கச்சான் உடைக்கிற வீடுகளில் மூட்டை மூட்டையாகக் கிடக்கும். நல்லாய்க் காய்ந்ததாக இருக்க வேண்டும், ஈரம் பட்டால் பூஞ்சணம் பிடிக்கும், அது கோழிக்கு நஞ்சு. மாரி காலத்தில் கோதை விட்டுவிட்டு வைக்கலுக்குப் போய்விடுவேன். உமி கிளறக் கிளறப் பறந்துவிடும். தும்பு வேண்டாம், அண்ணா சொன்ன நூல் கதைதான். பச்சைப் புல்லும் வேண்டாம், வெக்கை ஏறி அவியும்.

வைக்கலுக்குக் கீழே ஒரு பிடி அடுப்புச் சாம்பல், கொஞ்சம் காய்ந்த வேப்பிலை. இது பேனுக்கு. அதோடு பலகைப் பெட்டி வைத்திருப்பவர்கள் இரவில் ரோச் அடித்துப் பலகை வெடிப்பைப் பாருங்கள். பகலில் ஒளிந்திருந்து இரவில் கோழியில் ஏறி இரத்தம் குடிக்கிற சின்னச் சிவப்புப் பூச்சி ஒன்று இருக்கிறது. நேற்றுவரை இட்ட கோழி திடீரென்று பெட்டிக்குப் போக மறுத்தால் முதலில் சந்தேகப்பட வேண்டியது இதைத்தான். எண்ணெய்க் கானில் வெடிப்பு இல்லாதபடியால் இது குறைவு, அந்த வகையில் கானுக்குத்தான் என் வாக்கு.

பாம்பு விஷயம் விளையாட்டில்லை. முட்டைக்கும் குஞ்சுக்கும் நாகம் வரும், எலிக்குச் சாரை வரும். சிந்தின தீனை இரவில் விட்டுவைத்தால் எலி வரும், பின்னால் மற்றது வரும். நான் ஒரு தடியால் பெட்டியின் பக்கத்தில் நாலு தட்டுத் தட்டி, ரோச் அடித்துப் பார்த்த பிறகுதான் கை விடுவேன், பட்டப்பகலிலும். ஒரு நாளைக்கு இரண்டு தரம் முட்டை எடுங்கள். சேரவிட்டால்தான் உடும்பும் வரும், அடையும் கிடக்கும். உங்கள் விறகு அடுக்குக்குள் கடகம் வைப்பது பழக்குவதற்கு நல்லது, ஐயா கோபிக்கக் கூடாது, ஆனால் நிரந்தரமாக அங்கே வேண்டாம். விறகுக்குள் என்ன கிடக்கிறது என்று யாருக்குத் தெரியும். பெட்டி பழகின பிறகு நாளுக்கு ஒரு முழம் தள்ளித் தள்ளிச் சுவர்ப்பக்கம் கொண்டுபோங்கள்.


மூன்றுமுறிப்புக் கிழவன் எழுதியது:

கோபம் ஒன்றும் இல்லை. பாம்பு விஷயத்தில் பிள்ளை சொல்வது சரி. எனக்கு அந்த விறகடுக்கு வீட்டு வாசலில், தினமும் எடுத்து அடுக்குவது. பற்றைக்காட்டுப் பக்கம் என்றால் வேறு கதை.


ஒலுமடு மருமகள் எழுதியது:

ஆறு கிழமைக்குப் பிறகு வருகிறேன். நடந்ததைச் சொல்லாமல் விட்டால் சரியில்லை.

எண்ணெய்க் கான் இரண்டு எடுத்தேன். அரிந்தது இவர், ரியூப் தைத்தது நான், பிழை பிடித்தது மாமி. ஒன்றைக் கோழிக்காரி அக்கா சொன்னபடி முதலில் விறகு அடுக்குக்குப் பக்கத்தில் வைத்தோம். ஒரு தடி உருவாமல் அப்படியே அடுக்கோடு ஒட்டி, மேலே நாலு காவோலை போட்டு. முதல் நாள் சாம்பலி கானைச் சுற்றி ஒரு வட்டம் போனது. இரண்டாம் நாள் தலையை உள்ளே விட்டு, உரப்பை நாடா முகத்தில் பட்டதும் பாய்ந்து வெளியே வந்தது. நாடாவைக் கொஞ்சம் குட்டையாக்கினேன். மூன்றாம் நாள் ஒன்றும் இல்லை. நாலாம் நாள் நான் கிணற்றடியில் நிற்கக் கேருகிற சத்தம் கேட்டது. தடியால் தட்டிவிட்டு, ரோச் அடித்துப் பார்த்தேன். சீமெந்து முட்டைக்குப் பக்கத்தில் ஒரு முட்டை, இன்னும் சூடு. மாமியிடம் காட்ட ஓடினேன். "அதுக்கேன் ஓடுறாய், நானும் நாப்பது வருசமா முட்டை பாக்கிறன்" என்று சொன்னா. ஆனால் வாங்கிக் கன்னத்தில் வைத்துப் பார்த்தா.

இப்போது கான் சுவரோடு வந்துவிட்டது. நாளுக்கு ஒரு முழம் என்று அக்கா சொன்னா, எனக்குப் பொறுமை இல்லாமல் ஒரு நாள் நாலு முழம் தள்ளினேன். அன்றைக்குச் சாம்பலி பழைய இடத்தில் வெறும் நிலத்தில் இட்டது. மறுபடி பின்னுக்குக் கொண்டுபோய், பிறகு ஒழுங்காக முழம் முழமாகத்தான் தள்ளினேன். 11 இல் 8 பெட்டிக்கு வருகின்றன. எல்லாம் இடது பக்கக் கானில்தான். வலது பக்கக் கானில் ஒரு முட்டைகூட விழவில்லை, இரண்டும் ஒரே மாதிரிக் கான், ஒரே வைக்கல். என்ன வித்தியாசம் என்று நானும் உள்ளே தலையை விட்டுப் பார்த்துவிட்டேன்.

மஞ்சள்காலுக்கு ரயர் போனது. நாயை எழுப்பத்தான் கஷ்டப்பட்டோம். உள்வளையத்துக்குள் மண் அடைத்து, நடுவில் ஐயா சொன்ன மாதிரி மணலும் வைக்கலும். 11 முட்டை. இரும்புக்கு ஒரு பழைய கொழுக்கி, கரி, செத்தல் மிளகாய் எல்லாம் மாமியின் கையால். ஏழாம் இரவு ரோச் வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தோம், ஒன்று வெறும் முட்டை, எடுத்துவிட்டோம். மிச்சம் பத்தில் ஒன்பது பொரித்தன. ஒன்று கோதுக்குள்ளேயே செத்துப்போனது. ஒன்பதும் இப்போது தேசிமரத்துக்குக் கீழே, தாய் கிளறக் கிளறப் பின்னால் ஓடுகின்றன. பருந்துக்குப் பழைய மீன்வலை ஒன்றை மேலே கட்டியிருக்கிறேன்.

கறுப்பி திருந்தவில்லை. இவர் புது ஹெல்மெற் வாங்கி, பழையதைத் திண்ணை மூலையில் ஆணி அடித்துத் தொங்கவிட்டுவிட்டார்.

கடைசியாக ஒன்று. சீமெந்து முட்டை செய்பவர்கள் அதில் பெரிதாக ஒரு குறி போடுங்கள். போன வெள்ளிக்கிழமை மாமி முட்டை அப்பம் சுட ஆயத்தம் பண்ணினா. நான் குளிக்கப் போயிருந்த நேரம் பார்த்துத் தானே போய்ப் பெட்டியில் முட்டை எடுத்திருக்கிறா. குசினியில் தாச்சி விளிம்பில் தட்டுகிற சத்தம் கிணற்றடிவரை கேட்டது. ஒரு தட்டு, இரண்டு தட்டு, மூன்றாவது பலத்த தட்டு. பிறகு கொஞ்ச நேரம் சத்தமே இல்லை. நான் வந்தபோது மாமி முட்டையைக் காதுக்குக் கிட்ட வைத்து ஆட்டிக்கொண்டிருந்தா.